1998 மாடல் ஜென்னுக்கு சீட் பெல்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

கார் 1998இல் பதிவான மாருதி ஜென், பெட்ரோல். ஓட்டுபவர் என் பெரியப்பா, எழுபதைத் தாண்டியவர். காலையில் மார்க்கெட், மாலையில் கோயில், எப்போதாவது செங்கல்பட்டு வரை ஒரு நடை, அவ்வளவுதான் ஓட்டம். பதினைந்து வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார். 2023இல் மறுபடியும் முறை வந்தது. 2022 ஏப்ரலில் உயர்த்தியதில், பதினைந்து வருடம் கடந்த கார்களுக்கு அப்போது இந்தப் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாயாக இருந்தது. "அவ்வளவு பணத்தைக் கட்டிட்டு, பெல்ட் சரியில்லைன்னு திருப்பி அனுப்புனா அசிங்கம்டா" என்றுதான் கூப்பிட்டார். பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பதைவிட இன்ஸ்பெக்டர் கேட்பாரே என்ற கவலைதான் முன்னால் நின்றது. பழைய கார் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு அப்படித்தான்.

சட்டப்படியும் இந்தக் காருக்கு விலக்கு கிடையாது. 1994 மார்ச் 25க்குப் பிறகு தயாரான கார்களுக்கு முன் சீட்டுகளில் பெல்ட் கட்டாயம். பெல்ட் பொருத்தி வந்த வண்டியில் அதைப் போட்டுக்கொள்வதும் கட்டாயம். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் இதற்கு 1,000 ரூபாய் அபராதம்.

குறை என்னவென்று பார்த்தால், டிரைவர் பக்கப் பெல்ட் கழற்றிய பிறகு உள்ளே போவதில்லை. தொங்கிக்கொண்டே இருந்து கதவு இடுக்கில் மாட்டும். வருடக்கணக்காக அப்படி மாட்டி மாட்டி, இடுப்பு உயரத்தில் பட்டையின் ஓரம் கடிபட்டு நூல் பிரிந்திருந்தது. பக்கிள் ஒரு தடவை 'டக்' என்று பிடிக்கும், அடுத்த தடவை பிடித்தமாதிரி இருந்துவிட்டு இழுத்தால் கையோடு வந்துவிடும். இடது பக்கப் பெல்ட் மெதுவாகப் போனாலும் போய்ச் சேர்ந்துவிடும்.

இடது பக்கம் சுலபமாக முடிந்ததால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெல்ட் சோம்பலாகச் சுருண்டால் உடனே ஸ்பிரிங் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. தோளுக்கு மேலே பட்டை வழுக்கி வரும் வளையத்தில் இருபது வருட வியர்வையும் தூசியும் சேர்ந்து, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. ஐசோபுரோபில் ஆல்கஹாலில் துணியை நனைத்து வளையத்தைத் துடைத்தோம். பட்டையைக் கடைசி வரை இழுத்து, திரும்பி ஓடாமல் ஒரு கிளிப் போட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, இரவு முழுக்கக் காயவிட்டோம். வந்த தண்ணீரின் நிறத்தை எழுதாமல் விடுகிறேன். காலையில் கிளிப்பை எடுத்ததும் பெல்ட் சரசரவென்று உள்ளே போனது. பிளீச்சிங், தின்னர், பெட்ரோல் மூன்றையும் பட்டைக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாது; பாலியெஸ்டர் நூல் வெளியே பளிச்சென்று தெரிந்தாலும் உள்ளே பலம் இழக்கக்கூடும். ஈரத்தோடு சுருளவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

டிரைவர் பக்கம் இதற்கெல்லாம் மசியவில்லை.

நடுத்தூணின் கீழ் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ரிட்ராக்டர் தெரியும். பட்டை சுற்றியிருக்கும் ரீல், அதைத் திருப்பிச் சுருட்டும் ஸ்பிரிங், ஆபத்தில் இறுகப் பிடிக்கும் பூட்டு எல்லாம் அந்தக் கையளவுப் பெட்டிக்குள் இருக்கின்றன. பூட்டு இரண்டு விதமாக விழும். ஒன்று, பட்டையை வெடுக்கென்று இழுத்தால். இன்னொன்று, வண்டியே திடீரென்று வேகம் இழந்தால். இரண்டாவதற்குப் பொறுப்பு, பல ரிட்ராக்டர்களில், ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும் இரும்புக் குண்டு. பிரேக் பிடித்ததும் குண்டு உருண்டு ஒரு கொக்கியைத் தூக்கும், கொக்கி பல்சக்கரத்தில் மாட்டும், ரீல் நிற்கும். பேட்டரியும் இல்லை, ஒயரும் இல்லை. மோதலின்போது பெல்ட்டை இழுத்து இறுக்கும், வெடிமருந்து வைத்த பிரிடென்ஷனர் இந்த வயது ஜென்னில் கிடையாது. அதனால் ஏர்பேக் விளக்கு, கம்ப்யூட்டர் என்ற தொல்லையும் கிடையாது. பழைய காரில் இருக்கும் ஒரே சௌகரியம் அதுதான்.

இந்தக் குண்டு ஒரு குறிப்பிட்ட சாய்வில் சரியாக வேலை செய்யும்படிதான் பெட்டியைச் செய்திருப்பார்கள். ஐரோப்பாவில் சீட் பெல்ட்டுக்கான 16ஆம் எண் விதிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது: பொருத்தும் நிலையிலிருந்து 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டு விழக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டிச் சாய்ந்தால் விழுந்தே ஆக வேண்டும். மேடு பள்ளத்தில் ஏறும்போதெல்லாம் பெல்ட் நெஞ்சைப் பிடிக்காமல் இருப்பதும், கார் கவிழும்போது பிடிப்பதும் இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான் நடக்கின்றன. நம் தேடல் முழுக்க வந்த வில்லங்கத்துக்கும் இதுவே வேர். அளவு ஒத்துப்போகும் பெல்ட் கிடைக்கும், போல்ட் துளை ஒத்துப்போகும் பெல்ட்டும் கிடைக்கும். சாய்வு ஒத்துப்போகும் பெல்ட் அந்த மாடலுக்கென்று செய்ததாகத்தான் இருக்கும்.

பெரியப்பாவின் ரிட்ராக்டரில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. குலுக்கினால் குண்டு நகரும் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. மெதுவாக இழுத்தால் வந்தது, வெடுக்கென்று இழுத்தாலும் சில சமயம் வந்தது. அதோடு பட்டை ஓரத்து நூல் வேறு பிரிந்திருந்தது. ரிட்ராக்டரைத் திறந்து ஸ்பிரிங்கை மாற்றித் தருவதாக ஒரு மெக்கானிக் சொன்னார். நல்ல கைதான் அவருக்கு, ஆனால் வேண்டாம் என்றேன். உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் மூடியைத் திறந்ததும் பாய்ந்து வெளியே வரும். திரும்ப எத்தனை சுற்று ஏற்றினால் பழைய இழுவை வரும் என்பதற்கு வெளியே யாரிடமும் கணக்கு இல்லை. ஆக, முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

சீட் கவர் தைக்கும் கடையில் இன்னொரு யோசனை வந்தது. பிரிந்த இடத்தை வெட்டிவிட்டு நன்றாக ஓவர்லாக் போட்டு டபுள் தையல் அடித்துத் தருகிறேன், இருநூறு ரூபாய். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே சொன்ன அதே விதிமுறைப்படி பட்டை 14.7 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒன்றரை டன் இழுவையைத் தாங்க வேண்டும். சோபாவுக்குத் தைக்கும் நூல் அதில் எங்கே நிற்கும்? வெளிநாடுகளில் பழைய ரிட்ராக்டருக்குப் புதுப் பட்டை ஏற்றித் தருவதையே தொழிலாகச் செய்யும் பட்டறைகள் உண்டு. அவர்கள் பட்டையை முழு நீளத்துக்கு மாற்றுவார்கள், நடுவில் ஒட்டுப் போட மாட்டார்கள்.

தேடல்

முதலில் சர்வீஸ் சென்டரின் பார்ட்ஸ் கவுன்டர். சேஸிஸ் எண்ணைக் கொடுத்ததும் பார்ட் நம்பர் திரையில் வந்துவிட்டது. ஸ்டாக் பூஜ்யம், ஆர்டரும் போட முடியாது. முதல் ஜென் 1993இல் வந்து 2006இல் நின்றுபோன கார்; நாம் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. கவுன்டரில் இருந்த தம்பியிடம் அந்த நம்பரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பிற்பாடு எல்லாவற்றுக்கும் கை கொடுத்தது அந்தத் துண்டுச் சீட்டுதான்.

அடுத்து ஜி.பி. ரோடு, சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. அங்கே 'யுனிவர்சல்' பெல்ட் உண்டு, கறுப்பு, புத்தம் புதியது, எந்த வண்டிக்கும் போடலாம் என்பார்கள். அட்டையில் எந்தத் தர முத்திரையும் இல்லை, தயாரித்தவர் பெயர்கூட இல்லை. ரிட்ராக்டரை எந்தச் சாய்வில் பொருத்த வேண்டும் என்று கேட்டேன். "நேரா நிக்க வைங்க சார், அதுவே புடிச்சுக்கும்" என்றார் கடைக்காரர். யுனிவர்சல் என்பதே மோசம் என்று சொல்ல வரவில்லை. பிரிட்டனில் செக்யூரான் போன்ற கம்பெனிகள் பழைய கார்களுக்கென்றே முத்திரையோடு பெல்ட் விற்கின்றன, அவற்றில் எந்தக் கோணத்தில் பொருத்த வேண்டும் என்ற விவரமும் கூடவே வரும். பெல்ட்டே இல்லாமல் வந்த அம்பாசிடருக்கோ பத்மினிக்கோ அந்த வழியில்தான் போயாக வேண்டும். இங்கே அட்டையில் அந்த விவரம் இல்லாததுதான் பிரச்சினை.

பிறகு புதுப்பேட்டை. பழைய கார் சாமான் என்றால் சென்னையில் கால் தானாக அங்கேதான் போகும். கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பையன் பெல்ட்டைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தான்.

"ஜென் தானே அண்ணே கேட்டீங்க? இது ஜென் தான். நேத்துதான் கழட்டுனது."

கையில் வாங்கிப் பார்த்தேன். தாங்கும் தகடு வேறு வடிவம், பட்டை வழக்கத்துக்கு மேல் நீளம். "எந்த ஜென் தம்பி?" என்றேன். "எஸ்டிலோண்ணே."

2006 கடைசியில் வந்த ஜென் எஸ்டிலோவுக்கும் பழைய ஜென்னுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எஸ்டிலோ உயரமான உடம்புக் கார். தூணின் சாய்வு வேறு, சீட் உயரம் வேறு. அங்கேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று பெரியப்பாவின் பழைய ரிட்ராக்டரை அது காரில் இருந்த வாக்கில் கடை மேசையில் வைத்தேன். பக்கத்திலேயே எஸ்டிலோ பெட்டியை, அதன் துளை ஜென் தூணில் எப்படி விழுமோ அந்த வாக்கில் பிடித்துக்கொண்டு பட்டையை மெதுவாக இழுத்தேன். இரண்டு அங்குலம் வந்து நின்றுவிட்டது. விட்டு மறுபடி இழுத்தாலும் அதே இரண்டு அங்குலம். பெட்டியைக் கொஞ்சம் நிமிர்த்தினேன், சரளமாக வந்தது. பையன் அதை வாங்கித் தானும் இரண்டு முறை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "அட, ஆமாண்ணே" என்றான். தெருவிலேயே பிறந்து வளர்ந்த பையன், இதுவரை யாரும் அப்படிப் பிடித்துக் காட்டியதில்லை போலும்.

இப்படிப் பொருந்தாத பெட்டியால் வரும் தொல்லை இரண்டு வகை. இழுக்கும்போதே பூட்டிக்கொண்டால் ஓட்டுபவர் எரிச்சலில் பெல்ட்டையே விட்டுவிடுவார். தகட்டை நெளித்து, வாஷர் வைத்து எப்படியோ பூட்டு விழாத சாய்வுக்குக் கொண்டுவந்துவிட்டால் அது இன்னும் மோசம். பிடிக்க வேண்டிய நேரத்தில் குண்டு தாமதமாக உருளும்.

பழைய ஜென்னுக்கே உரிய பெல்ட்டும் இன்னொரு கடையில் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தேடலை அந்த இடத்தில் முடித்துக்கொள்வார்கள். விலை மலிவு, பட்டை கெட்டி, பூட்டு நன்றாக விழுகிறது. ஆனால் புதுப்பேட்டைக்கு வரும் கார் எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டும். கிழமாகி வந்ததும் உண்டு, முட்டி வந்ததும் உண்டு. ஒரு பெரிய மோதலில் ஆளைத் தாங்கிய பெல்ட் தன் வேலையை முடித்துவிட்டது. நூல் நீண்டிருக்கும், அடுத்த முறை அதே அளவுக்கு நீண்டு கொடுக்காது. அடையாளங்கள் உண்டு. மேல் வளையத்தின் பிளாஸ்டிக்கில் பட்டை அழுந்தி ஓடிய கோடுகள் உருகியமாதிரி தெரியும். பட்டையில் அந்த வளையம் இருந்த இடமும், பக்கிளுக்குள் நுழையும் நாக்கு இருந்த இடமும் இஸ்திரிப் பெட்டி அதிக நேரம் நின்ற துணி மாதிரி பளபளக்கும். சில பெல்ட்களில் அடிப்பக்கத்தில் மடித்துத் தைத்த ஒரு மடிப்பு இருக்கும். மோதலில் அந்தத் தையல் வேண்டுமென்றே பிரியும்படி வைத்தது. அது பிரிந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. நான் பார்த்த பெல்ட்டில் மேல் வளையத்தில் கோடு இருந்தது. மோதிய வண்டியா என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? கேட்கவில்லை, வைத்துவிட்டு வந்தேன்.

போல்ட், பிளாஸ்டிக் மூடி, மேல் வளையத்தின் கவர் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் தாராளமாக வாங்கலாம். வாங்கவும் செய்தோம். ரிட்ராக்டரும் பட்டையும் பக்கிளும் அந்தப் பட்டியலில் சேராது என்பது என் கட்சி. மறுத்துப் பேசுபவர்கள் உண்டு. மோதாத வண்டி என்று கண்ணால் பார்த்து, அதிலிருந்து நம் எதிரிலேயே கழற்றினால் நானும் ஒத்துக்கொள்வேன்.

இணையத்தில் தேடியதில் பெரிய பலன் இல்லை. 'சீட் பெல்ட் பக்கிள்' என்று தட்டினால் முன்பெல்லாம் வரிசையாக வந்தது, பெல்ட் போடாமலே அலாரத்தை ஏமாற்றும் கிளிப்தான். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து விற்பனைத் தளங்களுக்கு அவற்றை எடுத்துவிடச் சொல்லி உத்தரவிட்டது. முதல் ஜென் ஐரோப்பாவுக்கு சுசூகி ஆல்டோ என்ற பெயரில் ஏற்றுமதியான கார் என்பதால் பிரிட்டனில் பெல்ட் கிடைக்குமா என்றும் பார்த்தேன். அங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம்தான். ஆனால் கிடைப்பவை அங்கே உடைத்த கார்களின் பழைய பெல்ட்கள். புதுப்பேட்டைக்குச் சொன்னது அவற்றுக்கும் பொருந்தும், கூடவே கூரியர் செலவு. தம்பி மகன், ரேஸ் காரில் இரண்டு தோளையும் சேர்த்துக் கட்டும் ரேஸிங் ஹார்னஸ் போடலாமே என்றான். ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ. அந்த ஹார்னஸ்களுக்கு ஐந்து வருட ஆயுள்தான் தருகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதை மாட்டிக்கொண்டு எங்கள் பெரியப்பா டோல்கேட்டில் எட்டிக் காசு கொடுப்பதை நினைத்தாலே சிரிப்பு வந்தது.

கிடைத்த விதம்

சுசூகி பார்ட் நம்பருக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். நடுவில் ஐந்து எழுத்து, எண் கலந்து, எந்த மாடலுக்கு என்பதைச் சொல்லும். உள் அலங்காரப் பாகம் என்றால் கடைசி மூன்று எழுத்து நிறத்தைச் சொல்லும். கவுன்டரில் முழு நம்பரையும் அடித்து 'இல்லை' என்று வந்தால், பெரியப்பா காரின் சாம்பல் நிறத்தில் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள். நிறத்தை விட்டுவிட்டு முதல் பத்தை மட்டும் வைத்துத் தேடச் சொன்னேன். பழைய நம்பருக்குப் பதிலாகப் பிற்பாடு வந்த நம்பர் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். பல கடைக்காரர்களுக்கு இது தெரியும், ஆனால் கூட்டமான நேரத்தில் யாரும் தாமாகச் செய்து பார்க்க மாட்டார்கள். காலையில் கடை திறந்ததும் போய் நின்றால் செய்வார்கள்.

அப்படித் தேடியதில் கோயம்புத்தூரில் ஒரு ஸ்பேர்ஸ் மொத்த வியாபாரியிடம் விற்காமல் தேங்கிய டெட் ஸ்டாக்காக வலது முன் பெல்ட் ஒன்று கிடந்தது. பழுப்பு நிறம். காரின் உள்ளே எல்லாம் சாம்பல். பெரியப்பா ஒரு நிமிடம் முகத்தைச் சுளித்தார். பெரியம்மாதான் "உங்க சட்டைக்கு மேட்சா போடப் போறீங்களா?" என்று முடித்துவைத்தார். பக்கிளும் அதே கடையில் கிடைத்தது. பெல்ட்டும் பக்கிளும் ஒரே கம்பெனி தயாரிப்பாக இருப்பது முக்கியம். வேறு வேறு கம்பெனியின் நாக்கு உள்ளே நுழைந்து 'டக்' என்றுகூடச் சொல்லும், ஆனால் கொக்கி பாதிதான் பிடித்திருக்கும்.

பார்சல் வந்ததும் பெட்டியிலேயே சோதித்தோம். பட்டையின் அடி நுனியில் தைத்த லேபிளில் தயாரித்த கம்பெனி, தேதி, தர முத்திரை மூன்றும் இருந்தன. தயாரித்த தேதி பழையதுதான். அட்டைப் பெட்டிக்குள் வெயில் படாமல் இருந்ததால் நூலில் நிறமாற்றம் இல்லை, விரலால் மடித்தால் மொரமொரப்பு இல்லை. பட்டையை முழுக்க இழுத்து இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் பொருத்தினோம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது போல்ட். சீட் பெல்ட் போல்ட் உலகம் முழுக்கப் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு இருபது மரை, யூ.என்.எஃப். வகை. ஜப்பான் காரானாலும் இந்த ஒரு போல்ட் மட்டும் அங்குலக் கணக்குக்குப் போய்விடும். பட்டறையில் கைக்குக் கிடைப்பது 10 மி.மீ. அல்லது 12 மி.மீ. போல்ட். பத்து ஆடும். பன்னிரண்டு நுழையாது; நுழையவில்லையே என்று டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைப் பெரிதாக்குபவர்கள் இருக்கிறார்கள். தூணுக்குள் பற்றவைத்திருக்கும் நட்டின் ஆயுள் அத்தோடு முடிந்தது. எங்கள் காரில் எப்போதோ பெயின்ட் அடித்தபோது நட்டுக்குள் பெயின்ட் போயிருந்தது. 7/16 யூ.என்.எஃப். டேப்பால் கையால் மெதுவாகச் சுத்தம் செய்து, போல்ட் விரலாலேயே கடைசிவரை ஏறுகிறதா என்று பார்த்து, பிறகு முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவல் சொன்ன அளவுக்கு முடுக்கினோம். பழைய போல்ட்டில் இருந்த அலை வாஷரும் காலரும் எந்த வரிசையில் இருந்தன என்று கழற்றும்போதே போட்டோ எடுத்து வைத்திருந்தோம். தகடு ஆட வேண்டிய இடத்தில் ஆடுவதற்காகத்தான் அந்தக் காலர்.

கடைசிச் சோதனை ரோட்டில். ஆள் நடமாட்டம் இல்லாத லேஅவுட் ரோட்டில், பின்னால் வண்டி வராததை உறுதிசெய்துகொண்டு, இருபது கி.மீ. வேகத்துக்கும் கீழே போய் பிரேக்கை அழுத்தியபோது பெல்ட் பிடித்தது. விட்டதும் தளர்ந்தது. ஸ்பீட் பிரேக்கரில் சும்மா இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்ஸ்பெக்டர் பெல்ட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார், நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கழற்றிய பழைய பெல்ட்டை நான்கு துண்டாக வெட்டித்தான் காயலான் கடையில் போட்டோம். முழுசாகப் போட்டால் அடுத்த வாரம் அது யாராவது ஒருவர் தோளில் மாலையாக வரும்.

பாக்கி இருப்பது பின் சீட். இந்தக் காரில் அங்கே பெல்ட்டே இல்லை. வாங்கிப் போட்டுவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள். பெல்ட் கிடைக்கும், பிடிமானம்தான் கேள்வி. தோள் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் ஒரே நேரத்தில் தலா ஒன்றேகால் டன்னுக்கு மேல் இழுத்தாலும் பெல்ட் மாட்டும் இடங்கள் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. தரைத் தகட்டில் துளை போட்டு வாஷர் வைத்தால் தகடு கிழிந்துகொண்டு வரும். சில பழைய மாடல்களில் ஏற்றுமதி வண்டிக்காகப் பற்றவைத்த நட்டு, உள் கார்ப்பெட்டுக்கு அடியில் ரப்பர் மூடியோடு அப்படியே இருப்பதுண்டு. பெரியப்பாவின் காரில் பின் சீட்டை இன்னும் கழற்றவில்லை. நட்டு இருந்தால் பெல்ட் தேடுவோம். இல்லையென்றால் பெரியம்மா முன் சீட்டில்தான். பேரப் பிள்ளைகள் வரும் நாட்களில் பெரியப்பா ஜென்னை வெளியே எடுப்பதில்லை, என் காரைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்.